நானே தோண்டினால் தாது இலவசமா? ஈவ் ஆன்லைன் சுரங்கக் கணக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பேத்தி படம், கோயில் திருவிழா, ஓய்வூதிய அரியர் என்று எழுதிக்கொண்டிருந்த மனிதர் இன்று விண்வெளி விளையாட்டைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். இது விளையாட்டைப் பற்றியதுதான். ஆனால் ஏழாம் வகுப்பு லாப நட்டக் கணக்கைப் பற்றியதும்கூட. அந்தக் கணக்கை முப்பத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையில் போட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஈவ் ஆன்லைன் என்பது ஐஸ்லாந்து நாட்டின் ரேக்யவிக் நகரிலுள்ள சிசிபி என்ற நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட கணினி விளையாட்டு. ஆயிரக்கணக்கான சூரியக் குடும்பங்கள். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும், சீனாவுக்கென்று தனியாக இருக்கும் சர்வரைத் தவிர, ஒரே வானத்தில்தான் பறக்கிறார்கள். அங்கே ஓடும் கப்பல், வெடிக்கும் குண்டு, காவல் நிலையம் எல்லாம் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே செய்தவை. செய்வதற்கான கனிமத்தையும் ஆட்டக்காரர்களே பாறைகளிலிருந்து தோண்டுகிறார்கள். நானும் தோண்டுபவன்தான். இரண்டு ஆண்டுகளாக மாலையில் ஒரு மணி நேரம். என் பழைய மாணவன் ஒருவன் நிறுவிக் கொடுத்தான்.

அங்கே நாணயத்தின் பெயர் இஸ்க். ஐஸ்லாந்தின் உண்மையான பணமான குரோனாவுக்கும் அதே மூன்றெழுத்துக் குறியீடுதான். அந்த ஊர்க்காரர்களின் குறும்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுரங்கக்காரர்களிடையே ஓயாத கேள்வி ஒன்று உண்டு: எதைத் தோண்டினால் லாபம்? வெல்ட்ஸ்பாரா, ஆர்கோனாரா, பனிக்கட்டியா, வாயுவா, நிலாத் தாதுவா? இதற்கென்றே அட்டவணைகள் இருக்கின்றன. ஒவ்வொரு தாதுவின் பெயர், அன்றைய விலை, மேலிருந்து கீழாக வரிசை. என் மாணவன் அந்த அட்டவணையைப் பஞ்சாங்கம்போலப் பார்ப்பான். அந்த அட்டவணைகள் பொய் சொல்வதில்லை. பாதிக் கணக்கைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. மீதிப் பாதியைப் போட ஆட்டக்காரனுக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் அதைப் போட்டால் வருகிற விடை கசக்கும்.

முதலில் எளிய பகுதி. வெல்ட்ஸ்பார் என்பது எங்கும் கிடைக்கும் பாறை. ஒரு துண்டின் அளவு 0.1 கன மீட்டர். ஆர்கோனார் ஆபத்தான தொலைதூர வெளிகளில் கிடைப்பது. ஒரு துண்டு 16 கன மீட்டர். இன்றைய சந்தை விலை நாளை மாறிவிடும், ஆகவே கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம். வெல்ட்ஸ்பார் ஒரு துண்டு 15 இஸ்க், ஆர்கோனார் ஒரு துண்டு 3,200 இஸ்க். புதிதாக வந்தவன் இதைப் பார்த்தவுடன் என்ன நினைப்பான்? ஆர்கோனார் இருநூறு மடங்குக்கு மேல் லாபம் என்று நினைப்பான். வகுப்பில் அவசரக்காரப் பையன்கள் கையைத் தூக்குவதும் இப்படித்தான்.

ஆனால் சுரங்க லேசர் துண்டுகளை எண்ணி எடுப்பதில்லை. ஒரு சுற்றுக்கு இத்தனை கன மீட்டர் என்றுதான் எடுக்கும். கப்பலின் சரக்கறையும் கன மீட்டரில்தான் நிரம்பும். ஆகவே துண்டு விலையைத் துண்டின் அளவால் வகுக்க வேண்டும். வெல்ட்ஸ்பார் கன மீட்டருக்கு 150 இஸ்க். ஆர்கோனார் 200 இஸ்க். இருநூறு மடங்கு என்று நினைத்தது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று சுருங்கிவிட்டது. கத்தரிக்காயைக் கூறு விலையில் ஒப்பிடாமல் கிலோ விலையில் ஒப்பிடுவது மாதிரி. சந்தைக்குப் போகும் எந்தப் பாட்டிக்கும் இது தெரியும்.

நல்ல அட்டவணைகள் இந்த இடம் வரை சரியாக வந்துவிடும். அதற்கு மேல்தான் தகராறு.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு லட்சம் கன மீட்டர் எடுக்கும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்வோம். வெல்ட்ஸ்பாரில் மணிக்கு 1.5 கோடி இஸ்க். ஆர்கோனாரில் 2 கோடி. அட்டவணை இங்கே முடிந்துவிடும், ஆர்கோனாருக்கு முதல் பரிசு கொடுத்து.

ஆனால் ஆர்கோனார் இருக்கும் இடம் எப்படிப்பட்டது? அந்த உலகத்தில் ஒவ்வொரு சூரியக் குடும்பத்துக்கும் பாதுகாப்பு எண் உண்டு; உயர்ந்தது 1.0. 0.5-உம் அதற்கு மேலும் உள்ள இடங்களில் காரணமில்லாமல் உங்களைச் சுட்டவனைக் கான்கார்டு என்ற காவல்படை வந்து அழித்துவிடும். (சுட்ட பிறகுதான் வரும். அதற்குள் உங்கள் கப்பல் போயிருக்கலாம். தன் மலிவான கப்பலைப் பலிகொடுத்து உங்கள் விலையுயர்ந்த கப்பலை வெடிக்க வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.) பூஜ்யமும் அதற்குக் கீழும் உள்ள வெளியில் காவல்படையே கிடையாது. அந்நியன் ஒருவன் உள்ளே வந்தால் கப்பலைத் திருப்பிக்கொண்டு நிலையத்துக்குள் ஒளிய வேண்டும். அவன் போகும்வரை காத்திருக்க வேண்டும். தனியாளாகத் தோண்டுபவனுக்கு ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் இப்படி வீணாகிறது என்று கொள்வோம். 2 கோடி என்பது 1.33 கோடி ஆகிவிட்டது. ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கோடி மதிப்புள்ள கப்பல் பறிபோகிறது என்றால் மணிக்கு இன்னும் 10 லட்சம் கழிக்க வேண்டும். மிச்சம் 1.23 கோடி. பாதுகாப்பான இடத்தில் 250 மணி நேரத்துக்கு ஒரு கப்பல் போனாலும் மணிக்கு 2 லட்சம்தான் கழிகிறது. மிச்சம் 1.48 கோடி. பட்டியலில் கீழே கிடந்த வெல்ட்ஸ்பார் மேலே ஏறிவிட்டது. தொலைதூரத்திலிருந்து ஜிட்டா சந்தைக்குச் சரக்கைக் கொண்டுவரும் செலவை நான் இன்னும் எழுதவே இல்லை. ஜிட்டா என்பது அந்த உலகத்தின் கோயம்பேடு. எல்லாச் சரக்கும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

உடனே எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும். கூட்டமாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெரிய கூட்டணிகள் தங்கள் எல்லையில் ஆள் நிறுத்தி, அந்நியன் நாலு வீதி தள்ளி வரும்போதே செய்தி அனுப்பிவிடுவார்கள். அப்படி இருக்கையில் மணிக்கு ஐந்து நிமிடம்தான் வீண், 200 மணி நேரத்துக்கு ஒரு கப்பல்தான் நட்டம் என்றால் 1.8 கோடிக்குக் குறையாது. அப்போது ஆர்கோனார் ஜெயிக்கும். ஆக ஒரே பாறை, ஒரே விலை; ஒருவனுக்கு லாபம், மற்றவனுக்கு நட்டம். நடுவில் இருப்பது அண்டை வீட்டுக்காரன் கொடுக்கும் காவல். அதற்கு வரி கட்டுகிறான், அழைத்தால் சண்டைக்கும் போகிறான். அட்டவணையில் இதற்குப் பத்தி கிடையாது.

வாயுவும் பனிக்கட்டியும் வேறு மாதிரி. பனிக்கட்டி ஒரு துண்டே 1,000 கன மீட்டர். லேசரை விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். நான் அவரைக்காய் நறுக்குவதும் அப்போதுதான். வாயுவில் விலை உயர்ந்த வகை புழுத்துளை வெளிகளில் இருக்கிறது. அங்கே யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. சில நொடிக்கு ஒருமுறை ஸ்கேனரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் கப்பல் போச்சு. மணிக்கு இவ்வளவு இஸ்க் என்று இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதுவது, கண்காணிப்பாளராகத் தேர்வறையில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரத்தையும் வகுப்பெடுக்கும் மூன்று மணி நேரத்தையும் ஒன்று என்று சொல்வதுபோல. இரண்டையும் செய்தவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

கப்பல் தேர்விலும் இதே விஷயம் ஒளிந்திருக்கிறது. கோவெட்டர் வேகமாகத் தோண்டும், ஆனால் முட்டை ஓடு. ரிட்ரீவருக்குச் சரக்கறை பெரிது, அடிக்கடி எழுந்து போக வேண்டாம். ப்ரொக்யூரர் கொஞ்சம் மெதுவாகத் தோண்டும், அடி தாங்கும். நான் ப்ரொக்யூரர்காரன். பென்ஷன்காரன் புத்தி.

விலை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுரங்கக்காரன் புதிதாகப் பணத்தை உண்டாக்குவதில்லை. கொள்ளைக்காரக் கப்பல்களை அழிப்பவனுக்கு விளையாட்டு வெகுமதி கொடுக்கிறதே, அங்கேதான் புதுப்பணம் பிறக்கிறது. தோண்டுபவன் பொருளை உண்டாக்குகிறான். அதை வாங்கும் ஆட்டக்காரனின் பையிலிருந்துதான் காசு வருகிறது. யாரோ கப்பலை இழந்தால்தான் யாரோ கப்பல் கட்டுவார்கள், கட்டினால்தான் நம் தாது விற்கும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் நடந்த சண்டையில் டைட்டன் என்னும் மிகப் பெரிய கப்பல்கள் மட்டும் 75 அழிந்தன. உண்மைப் பண மதிப்பில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். அத்தனையும் யாரோ பாறை பாறையாகத் தோண்டியது. 2011-இல் கூன்ஸ்வார்ம் என்ற கூட்டணி ஒரு பகுதியின் பனிக்கட்டியைத் தோண்டுபவர்களையெல்லாம் திட்டமிட்டுத் தாக்கி அந்த எரிபொருளின் விலையை ஏற்றியது. முன்கூட்டியே வாங்கிப் பதுக்கி வைத்திருந்து லாபம் பார்த்தார்கள் என்பது ஊரறிந்த கதை. நம் ஊர் மண்டிக்காரர்கள் அவர்களிடம் டியூஷன் போகலாம்.

நிறுவனமும் சும்மா இருப்பதில்லை. 2007-இல் எயோல்ஃபர் குட்முண்ட்சன் என்ற பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தார்கள். அவர் பிறகு ஐஸ்லாந்தின் அகுரேரி பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போனார். 2016 இறுதியில் ரோர்க்வல் என்ற பெருங்கப்பலுக்குப் புதிய தோண்டும் கருவிகள் கொடுத்தார்கள். கனிமம் வெள்ளமாக வந்தது. சில ஆண்டுகள் கழித்து, 2020-ஐ ஒட்டி, பாறைகளையே குறைத்தார்கள், எந்தக் கனிமம் எந்த வெளியில் கிடைக்கும் என்பதையும் மாற்றினார்கள். முந்தைய ஆண்டின் அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் திகைத்து நின்றார்கள். அதுபோக, பட்டியலில் முதலிடம் பிடித்த தாதுவை நோக்கி எல்லாரும் ஓடினால் அதன் விலை இறங்கத்தானே செய்யும்? போன வருடம் தக்காளி நூறு ரூபாய் விற்றது என்று இந்த வருடம் எல்லாரும் தக்காளி போட்டு, பறிப்புக்கூலிகூடக் கட்டாமல் விட்ட கதை நமக்குத் தெரியாததா.

இவ்வளவும் சொன்னது இந்த ஒரு வாக்கியத்துக்காக. “நானே தோண்டியது சார், அதனால் எனக்கு அது இலவசம்.”

என் மாணவன் சொன்னது. அவன் மட்டுமில்லை, அந்த விளையாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. தானே தோண்டிய கனிமத்தில் கப்பல் கட்டி, சந்தையில் கனிமத்தின் விலைக்கும் குறைவாகக் கப்பலை விற்றுவிட்டு, “முழுவதும் லாபம்” என்பார்கள். ஏழாம் வகுப்பில் அடக்கவிலை என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பையன் எழுந்து, “வீட்டுத் தோட்டத்து மாங்காய்க்கு அடக்கவிலை பூஜ்யம்தானே சார்?” என்று கேட்பான். நல்ல கேள்வி. அந்த மாங்காயை அப்படியே சந்தையில் பத்து ரூபாய்க்கு விற்க முடியும் என்றால், ஊறுகாய் போடும்போது அது பத்து ரூபாய் மாங்காய்தான். ஊறுகாயை எட்டு ரூபாய்க்கு விற்றால் இரண்டு ரூபாய் நட்டம். மரம் உன்னுடையது என்பதால் நட்டம் மறைந்துவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்று நம்மவர்கள் சொன்னதும் இதைத்தான். அதில் பெருமூச்சு இருக்கிறது. கூடவே கணக்குப் பார்க்காதே என்ற ஆறுதலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஆறுதலில் எனக்கு உடன்பாடில்லை. பயிர் அடக்கவிலையில் ஏ2 என்பது கையிலிருந்து கொடுத்த செலவு. அதனுடன் குடும்பத்தார் உழைப்பையும் மதிப்பிட்டுச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை, சொந்த முதலின் வட்டி எல்லாம் சேர்த்தால் சி2. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-இல் அடக்கவிலைக்கு மேல் குறைந்தது ஐம்பது சதவீதம் சேர்த்துக் கொடுக்கச் சொன்னபின், எந்த அடக்கவிலை என்பதில்தான் இன்றுவரை சண்டை நடக்கிறது. வீட்டு ஆளின் உழைப்புக்கும் விலை உண்டு என்று ஒரு நாட்டின் உழவர்கள் தெருவில் நின்று வாதாடுகிறார்கள். அந்த உழவர் வீட்டுப் பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்து, என் உழைப்பு இலவசம் என்கிறான். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பெயர் வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வேலை முடிந்து வந்தவுடன் தோண்ட உட்காருவான். இந்த விளையாட்டை முழுமையாக ஆட மாதச் சந்தா 19.99 டாலர். அதைப் பணமாகக் கட்டாமல், விளையாட்டுக்குள் இஸ்க் சேர்த்து, ப்ளெக்ஸ் என்ற டோக்கனைச் சந்தையில் வாங்கியும் கட்டலாம். 500 ப்ளெக்ஸ் கொடுத்தால் முப்பது நாள். அந்த ப்ளெக்ஸை யாரோ ஒருவர் உண்மைப் பணம் கொடுத்து வாங்கி விற்கிறார். “நான் ஒரு பைசா செலவில்லாமல் ஆடுகிறேன் சார்” என்பது இவனுடைய பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனில் கணக்குப் போட்டோம். ஒரு ப்ளெக்ஸ் 50 லட்சம் இஸ்க் என்று வைத்தோம். 500-க்கு 250 கோடி. மணிக்கு 1.5 கோடி தோண்டினால் 166 மணி நேரம் சொச்சம். முப்பது நாளில் பிரித்தால் தினமும் ஐந்தரை மணி நேரம். சந்தாவை நம் பணத்தில் 1,700 ரூபாய் என்று வைத்தால், அவன் உழைப்புக்கு மணிக்குக் கிடைக்கும் கூலி பத்து ரூபாய் சொச்சம். “இன்னொரு கணக்குத் திறந்து இரண்டு கப்பலில் தோண்டுகிறேனே சார்” என்றான். இரண்டாவது கணக்குக்கும் சந்தா உண்டே தம்பி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அவன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தால் மணிக்கு எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்ன தொகைப்படி இருபது மணி நேர ஓவர்டைமில் ஒரு மாதச் சந்தாவைக் கட்டிவிடலாம். 166 எங்கே, இருபது எங்கே.

இங்கே சிலர் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். விளையாட்டு என்றால் கூலிக் கணக்குப் பார்ப்பதா, கேரம் ஆடினால் மணிக்கு எவ்வளவு என்று கேட்பீர்களா என்று. நியாயம். பாறையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பது பிடித்துச் செய்தால், அந்த நேரம் செலவல்ல, அதுவே வரவு. நான் அப்படித்தான் தோண்டுகிறேன், அட்டவணையைத் திறப்பதில்லை. ஆனால் அட்டவணையைத் திறந்தவன், மணிக்கு இஸ்க் எவ்வளவு என்று கேட்டவன், தானே கணக்குக்குள் வந்துவிட்டான். வந்தபின் ஒரு பத்தியை மட்டும் காலியாக விடக் கூடாது. அவனுக்குத் தோண்டுவது பிடிக்கவும் இல்லை. “சந்தா சேர்ந்துவிட்டால் நிம்மதியாகச் சண்டைக்குப் போகலாம் சார்” என்கிறான். சந்தா சேரும்போது மாதம் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். இஸ்க்கை வெளியே உண்மைப் பணத்துக்கு விற்பது விளையாட்டின் விதிப்படி குற்றம், கணக்கையே முடக்கிவிடுவார்கள். “கேம் ஆடிச் சம்பாதிக்கலாம்” என்று பிள்ளைகளிடம் யாராவது சொன்னால் இந்த விளையாட்டில் அந்தக் கதவு கிடையாது.

அவன் சாதாரண ஆள் இல்லை, எட்டாம் வகுப்பிலேயே வட்டிக் கணக்கில் என்னைத் திருத்தியவன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து சரியான எதிர்வாதம் ஒன்றை வைத்தான். “சார், நீங்கள் ஓவர்டைமோடு ஒப்பிடுகிறீர்கள். கம்பெனியில் எல்லா நாளும் ஓவர்டைம் கிடையாது. தோண்டாவிட்டால் அந்த நேரத்தில் நான் சம்பாதித்திருக்க மாட்டேன், தூங்கியிருப்பேன். தூக்கத்துக்கு ஏது கூலி? அப்போது என் அடக்கவிலை பூஜ்யம்தானே?”

பொருளாதாரப் பாடப்படி அவன் சொன்னது பாதி சரி. கைவிட்ட வாய்ப்புகளில் சிறந்தது எதுவோ அதன் மதிப்புதான் அடக்கவிலை. அது தூக்கம் என்றால் தூக்கத்துக்கு மதிப்புப் போட வேண்டும். ஊசி நூல் ஓடும் இயந்திரத்தின் முன்னால் நாளெல்லாம் நிற்பவனுக்கு அந்த மதிப்பைச் சந்தை விலையில் என்னால் சொல்ல முடியாது. அவனால்தான் முடியும். அதனால் ஒரு வேலை கொடுத்தேன். நோட்டில் நான்கு பத்தி: தேதி, தோண்டிய நேரம், கிடைத்த இஸ்க், தூங்கிய நேரம். முப்பது நாள் எழுதி எனக்கு அனுப்பு, தூக்கத்துக்கு என்ன விலை என்று கடைசியில் நீயே போடு என்றேன்.

இதுவரை ஒன்பது நாள் வந்திருக்கிறது. நான்காவது பத்தியில் ஆறு என்ற எண் ஒருமுறைதான் இருக்கிறது, அது ஞாயிற்றுக்கிழமை.